ஒயர் சொருக ஓர் ஓட்டை

888. டாஸ் காலத்தில் டர்போ சி தட்டிப் பழகிய ஒருவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்தால், அவர் விரலை எப்போதாவது சால்டரிங் அயர்ன் சுட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஹெக்ஸாடெசிமலில் எழுதினால் 378. கணினியின் முதுகில் பிரிண்டர் கேபிளுக்கென்று இருந்த 25 துளை போர்ட்டின் முகவரி அது. அங்கே 255 என்ற எண்ணை அனுப்பினால் எட்டு டேட்டா பின்களிலும் ஏறக்குறைய ஐந்து வோல்ட் ஏறும். 0 அனுப்பினால் எட்டும் இறங்கும். 1 அனுப்பினால் இரண்டாம் பின் மட்டும் ஏறும்.

ஒரு எல்.இ.டி., அதோடு தொடராக 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு முனையை அந்த இரண்டாம் பின்னிலும் மறுமுனையை 18 முதல் 25 வரையுள்ள ஏதாவது ஒரு பின்னிலும் கொடுத்தால் போதும். அவை எல்லாமே கிரவுண்டு. சி-யில் ஒரே வரி. ஓடவிட்டதும் மேசைமேல் சிவப்பு விளக்கு எரியும். திரைக்குள் எத்தனை பெரிய பட்டியலை வரிசைப்படுத்திக் காட்டினாலும் வராத குதூகலம் அந்த ஒற்றை விளக்கில் வந்தது. எழுதிய வரி பெட்டியை விட்டு வெளியே வந்து ஒரு பொருளைத் தொட்டுவிட்டது.

விளக்கு எரிந்ததும் அடுத்த ஆசை ரிலே. ரிலே வந்தால் டேபிள் ஃபேன், டேபிள் ஃபேன் வந்தால் வீட்டில் திட்டு. போர்ட்டிலிருந்து கிடைக்கும் சில மில்லி ஆம்பியர் ரிலேயை இழுக்காது என்பதால் நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு. கொஞ்சம் விவரமானவர்கள் யூஎல்என்2003 ஐ.சி.யை வாங்கிவிடுவார்கள், ஏழு ரிலேவை ஒன்றாகத் தூக்கும். இன்னும் விவரமானவர்கள் போர்ட்டுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே 74எல்எஸ்244 ஒன்றை வைத்துக்கொள்வார்கள், ஷார்ட் ஆனால் இருபது ரூபாய் ஐ.சி. போகட்டும், மதர்போர்டு பிழைக்கட்டும் என்று.

இதெல்லாம் கிடைக்கும் இடம் ரிச்சி ஸ்ட்ரீட். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். பெயர் மூன்று, எங்களுக்கு எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்தான். அங்கே கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர்கள் எங்கள் கல்லூரி லேப் கற்றுத்தராததைக் கற்றுத்தந்தார்கள்.

"அண்ணே, 547 பத்து குடுங்க."

"ஏ-யா, பி-யா, சி-யா?"

"ஏதாச்சும் ஒண்ணு குடுங்கண்ணே."

"ஏதாச்சும்னு கேக்காத தம்பி. எதுக்குன்னு சொல்லு, நான் தர்றேன்."

டிரான்சிஸ்டரின் வாலில் இருக்கும் அந்த எழுத்து அதன் கெயினைக் குறிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

அந்த பிரிண்டர் போர்ட்டை யாரும் நமக்காக யோசித்துச் செய்யவில்லை. சென்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1970ல் தன் பிரிண்டருக்காக அமைத்த இணைப்பு அது. அன்றைய பிரிண்டருக்கு மூளை குறைவு. எழுத்துக்குரிய எட்டு பிட்டையும் எட்டுக் கம்பியில் நீட்டிவிட்டு, 'எடுத்துக்கொள்' என்று இன்னொரு கம்பியில் ஒரு தட்டு தட்ட வேண்டும், பேச்சு அவ்வளவுதான். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி அதையே 25 பின்னாகச் சுருக்கி வைத்துக்கொண்டது. 888ல் எட்டு வெளியீடு, 889ல் ஐந்து உள்ளீடு, 890ல் இன்னும் நான்கு கம்பி. பிரிண்டர் மந்தமாக இருந்ததால் நமக்குக் கிடைத்த வரம்.

நிரல் எழுதுகிறவன் எந்த லேப்டாப்பை வாங்குகிறான், ஞாயிற்றுக்கிழமை மேசையில் எதைப் பிரித்துப் போடுகிறான் என்பவை இரண்டும் இரண்டு தனிக் கிறுக்குகளாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு அவை ஒரே வரலாறு. கணினியில் ஒயர் சொருக ஓர் ஓட்டை இருந்தது. லேப்டாப் மெலிய மெலிய அது அடைபட்டது. அடைபட்ட ஓட்டைதான் வெளியே ஒரு சின்னப் பலகையாக முளைத்து இன்று ஆர்டுவினோ என்றும் ராஸ்ப்பெர்ரி பை என்றும் பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1975 ஜனவரி 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் வந்த ஆல்டேர் 8800 ஒரு கிட். கணினி வேண்டுமென்றால் ஈயம் உருக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கராஜில் ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப் கூடியது. அங்கே காட்டுவதற்காக வோஸ்னியாக் செய்ததுதான் ஆப்பிள் 1. ஐபிஎம் பிசி வந்தபோதுகூட அதன் டெக்னிகல் ரெஃபரன்ஸ் கையேட்டில் முழு சர்க்யூட் படமும் பயாஸ் நிரலின் அசெம்பிளி வரிகளும் அச்சாகியிருந்தன. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவனுக்குச் சொல்வது அன்றைக்கு மரியாதை. இன்று அதே கையேட்டை யாராவது வெளியிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

பிறகு கணினியைத் தூக்கிக்கொண்டு போக ஆசை வந்தது. 1981ன் ஆஸ்பார்ன் 1 பத்து கிலோவுக்கு மேல் எடை, ஐந்து அங்குலத் திரை. 1982ல் வந்த கிரிட் காம்பஸ்தான் இன்றைய லேப்டாப்பின் உருவத்தைத் தந்தது. மக்னீசிய உடல், மடிந்து மூடும் திரை, பில் மாக்ரிட்ஜின் வடிவமைப்பு. விலை 8,150 டாலர். ராணுவத்துக்கும் விண்வெளி ஓடத்துக்கும் போனது, நம்மைப் போன்றவர்கள் பக்கம் வரவில்லை.

நம் ஆள் 1983ல் வந்தது. ஜப்பானின் கியோசெரா செய்து, ரேடியோ ஷாக் கடைகளில் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்று விற்றது. வரிக்கு 40 எழுத்து, எட்டே வரி காட்டும் எல்சிடி திரை. நான்கு பென்டார்ச் செல் போட்டால் நாள் முழுக்க ஓடும். எடை ஒன்றரை கிலோவுக்குள். திறந்தவுடன் பேசிக் மொழி தயார். அதன் உள்ளிருக்கும் மென்பொருளில் பில் கேட்ஸ் தன் கையால் எழுதிய பகுதி கணிசம். முதுகில் ஆர்எஸ்-232 போர்ட், பிரிண்டர் போர்ட், கேசட் ரெக்கார்டருக்கு ஓர் ஓட்டை, பார்கோடு பேனாவுக்குத் தனியாக ஒன்று. அடியில் ஒரு மூடியைத் திறந்தால் பிராசஸரின் பஸ்ஸே கைக்கு வரும். பத்திரிகையாளர்கள் அதைக் கொண்டாடினார்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. உள்ளே இருந்த பிராசஸர் 80சி85. பொறியியல் கல்லூரியில் கட்டளைகளைக் கையால் ஹெக்ஸாக மாற்றி, கீபேடில் அழுத்தி, ஏழு துண்டு விளக்கில் விடை பார்த்து, பல தலைமுறை மாணவர்கள் மல்லுக்கட்டிய அதே 8085ன் குறைமின் வடிவம். லேபில் நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்த சிப்பை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் ஒரு நிருபர் ரயிலில் உட்கார்ந்து செய்தி தட்டிக்கொண்டிருந்தார் என்பதை எந்த ஆசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் ருசி இருந்திருக்கும்.

மாடல் 100க்கு ஓர் இத்தாலிய உடன்பிறப்பு உண்டு: ஒலிவெட்டி எம்10. கியோசெராவின் அதே எந்திரம். திரையை மட்டும் சாய்த்து நிமிர்த்திக்கொள்ளலாம். ஒலிவெட்டியின் சொந்த ஊர் வட இத்தாலியின் இவ்ரேயா. இந்த ஊர்ப் பெயரை நினைவில் வையுங்கள், கதை திரும்ப அங்கே போக வேண்டியிருக்கிறது.

திங்க்பேட் பற்றி எழுதாமல் நிரல் எழுதுகிறவனின் லேப்டாப் வரலாற்றைத் தாண்ட முடியாது. எனக்கு அதில் பக்ஷபாதம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1992 அக்டோபரில் ஐபிஎம் வெளியிட்ட 700சி-யில் 10.4 அங்குல வண்ணத் திரை; விலை 4,350 டாலர். மிலானில் இருந்த ஜெர்மானியர் ரிச்சர்ட் சாப்பர் உருவம் கொடுத்தார். யோகோஹாமாவுக்கு அருகில் யமாட்டோவில் இருந்த ஐபிஎம் ஆய்வகத்தில் அரிமாசா நைட்டோவின் குழு எந்திரத்தைச் செய்தது. ஜப்பானியர்கள் மதியச் சாப்பாடு வைக்கும் கறுப்புப் பெட்டியான ஷோகாடோ பென்டோதான் மாதிரி. வெளியே ஒன்றுமில்லாத கறுப்புச் சதுரம். திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கீபோர்டின் நடுவே ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கிடையில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும்.

அந்தச் சிவப்புப் புள்ளி டெட் செல்கரின் வேலை. விரல் கீபோர்டிலிருந்து மவுசுக்குப் போக முக்கால் விநாடி ஆகிறது என்று ஓர் ஆய்வில் படித்திருக்கிறார். முக்கால் விநாடி போக, ஏறக்குறைய அதே அளவு திரும்பிவர. நாளெல்லாம் தட்டுகிறவனுக்கு அது எவ்வளவு என்று கணக்குப் போட்டு, கையை எடுக்காமலே அம்புக்குறியை நகர்த்த ஒரு குச்சியை நட்டார். சிவப்பு வண்ணம் ஐபிஎம்மில் அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டுமே உரியது என்று விதி இருந்ததாகவும், சாப்பர் தரப்பு 'இது சிவப்பு இல்லை, மெஜந்தா' என்று எழுதிக் கொடுத்து வேலையை முடித்ததாகவும் ஒரு கதை உண்டு. அலுவலக விதிகளோடு வாழ்ந்தவர்கள் இதை உடனே நம்புவார்கள்.

வடிவத்தைப் பற்றி அருங்காட்சியகங்கள் பேசட்டும். 1995ல் வந்த 701சி-யின் கீபோர்டு, மூடியைத் திறந்தால் இரண்டு துண்டாக விரிந்து உடலைவிட அகலமாக நிற்கும். ஜான் காரிடிஸ் செய்த அந்த விந்தை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நிரலாளர்கள் திங்க்பேடை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு: அதன் ஹார்டுவேர் பராமரிப்புக் கையேடு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். எந்த ஸ்க்ரூ எந்த நீளம், எதை முதலில் கழற்ற வேண்டும், ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த எண் என்று எல்லாம் இருக்கும். கையேடு இருந்ததால் ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக் கடைகளில் பழைய திங்க்பேடைப் பிரித்துச் சேர்க்கும் பையன்கள் உருவானார்கள். கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த எந்திரங்கள் மொத்தமாக வந்து இறங்கும். திரை போனதிலிருந்து கீபோர்டு, கீபோர்டு போனதிலிருந்து திரை. 2005 மே மாதம் ஐபிஎம் இந்தத் தொழிலை லெனோவோவுக்கு விற்றபோது எல்லாம் முடிந்தது என்று புலம்பினோம். அப்படியொன்றும் முடியவில்லை. புலம்ப வேண்டிய ஆண்டு 2012. அதுவரை ஏழு வரிசையாக இருந்த கீபோர்டு அந்த ஆண்டு ஆறாகக் குறைந்தது. எக்ஸ்220 ஏழு, எக்ஸ்230 ஆறு. இதற்கெல்லாமா துக்கம் என்று கேட்பவர்கள் நாள் முழுக்கத் தட்டுகிறவர்களாக இருக்க மாட்டார்கள்.

ஓட்டைக்கு வருவோம். தொடக்க காலத் திங்க்பேட்களின் முதுகிலும் பிரிண்டர் போர்ட் இருந்தது. அதை முதலில் அடைத்தது தச்சனோ வடிவமைப்பாளரோ இல்லை, ஆபரேட்டிங் சிஸ்டம். டாஸிலும் விண்டோஸ் 98லும் எந்த நிரலும் 888க்கு நேரே எழுதலாம். விண்டோஸ் என்.டி. வழியில் வந்தவை அதை அனுமதிக்காது. டிரைவர் வழியாகத்தான் போக வேண்டும். 2001ல் எக்ஸ்பி வீட்டுக்கு வீடு வந்தபோது, நேற்றுவரை விளக்கை எரித்த நிரல் இன்று பிழை காட்டி நின்றது. நியாயம் எக்ஸ்பி பக்கம்தான். கண்ட நிரலும் கண்ட கம்பியைத் தொட்டால் கணினி ஒரு நாள் நிற்காமல் ஓடாது. ஆனாலும் மாணவர்கள் கூடவே இன்னொரு சிறு டிரைவர் கோப்பைப் போட்டு ஏமாற்றிக்கொண்டு கொஞ்ச காலம் ஓட்டினார்கள்.

அடுத்து போர்ட்டே போனது. 1996 ஜனவரியில் யூஎஸ்பியின் முதல் வரையறை வெளியானது. இன்டெலில் அந்த வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் பரோடாவில் பொறியியல் படித்த அஜய் பட். 1998ல் ஆப்பிள் ஐமேக்கில் பழைய போர்ட்களையும் ஃப்ளாப்பியையும் ஒரே வீச்சில் தூக்கிவிட்டு அவற்றின் இடத்தில் யூஎஸ்பியை வைத்தது. பிசி உலகம் மெதுவாகப் பின்தொடர்ந்தது. பிரிண்டர், ஸ்கேனர், மவுஸ் எல்லாம் ஒரே வடிவச் செருகியில் வந்தது மக்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யூஎஸ்பியில் வெறும் கம்பிக்கு இடமில்லை. சொருகப்படுவது முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்: நான் இன்ன வகை, என்னைச் செய்தது இன்னார், எனக்கு இவ்வளவு மின்சாரம் வேண்டும். கணினி கேட்கும்போது மட்டுமே வாய் திறக்க வேண்டும். ஒரு எல்.இ.டி.க்கு இந்த நாகரிகம் தெரியாது. அதற்காகப் பேச ஒரு சிப் வேண்டும்.

லேப்டாப்போ மெலிந்துகொண்டே போனது. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காகித உறையிலிருந்து உருவிக் காட்டிய மேக்புக் ஏரில் ஒரே ஒரு யூஎஸ்பி. 2012ன் ரெடினா மேக்புக் ப்ரோவில் ராம் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டு, பேட்டரி ஒட்டப்பட்டு வந்தது. பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் அதைப் பிரித்துப் பார்த்துப் பத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தது. அதே நேரம் நிரலாளர்கள் கூட்டம் கூட்டமாக மேக் பக்கம் போனதும் உண்மை. உள்ளே யூனிக்ஸ், மூடித் திறந்தால் உடனே விழிக்கும், திரை கண்ணை உறுத்தாது. லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே 2022ல் லினக்ஸ் 5.19ஐ வெளியிட்டது ஆப்பிள் சிப் உள்ள ஒரு மேக்புக்கில் லினக்ஸ் ஓட்டித்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் சம்பளத்துக்குரிய வேலையை நான் செய்வதும் அலுவலகம் கொடுத்த அப்படியொரு திறக்காத பெட்டியில்தான்.

இப்போது இவ்ரேயா. ஒலிவெட்டி 1908ல் தட்டச்சு எந்திரம் செய்யத் தொடங்கிய ஊர். 1965ல் மேசைமேல் வைக்கும் ப்ரோக்ராமா 101 இங்கே பிறந்தது. நாசா வாங்கிப் பயன்படுத்தியது. தொழிற்சாலை, தொழிலாளர் வீடு, பள்ளி, நூலகம் எல்லாவற்றையும் ஒன்றாக யோசித்துக் கட்டிய ஊர் என்று யுனெஸ்கோ 2018ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிறகு கம்பெனி சரிந்தது. 2001ல் டெலிகாம் இத்தாலியாவும் ஒலிவெட்டியும் சேர்ந்து இங்கே வடிவமைப்புக் கல்விக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. படிக்க வந்தவர்கள் கலைஞர்கள், வடிவமைப்பாளர்கள். விளக்கு எரிய வேண்டும், மோட்டார் சுழல வேண்டும், ஆனால் அசெம்பிளி படிக்க நேரமில்லை. அப்போதிருந்த பேசிக் ஸ்டாம்ப் பலகை அவர்கள் பைக்கு அதிக விலை, வேலைக்குப் போதாத சக்தி. பெரும்பாலோர் கையில் இருந்த மேக்கோடு ஒத்தும் வரவில்லை.

கொலம்பியாவிலிருந்து வந்த மாணவர் எர்னாண்டோ பராகான் தன் ஆய்வேட்டுக்காக 'வயரிங்' என்ற பலகையையும் அதற்கான எளிய மொழியையும் செய்தார். பின்னை இன்னதாக வை, ஏற்று, இறக்கு, கொஞ்சம் பொறு என்று இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் எழுதும் கட்டளைகள் அவரிடமிருந்து வந்தவை. 2005ல் ஆசிரியர் மாசிமோ பான்சியும் டேவிட் குவார்டியெல்லெஸும் மாணவர் டேவிட் மெல்லிஸும் அதையே விலை குறைந்த ஏடிமெகா8 சிப்புக்கு மாற்றினார்கள். டாம் ஐகோவும் ஜான்லூக்கா மார்ட்டினோவும் சேர்ந்துகொண்டார்கள். ஊரில் அவர்கள் குடிக்கப் போகும் மதுக்கடையின் பெயரை வைத்தார்கள். அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்தவர் 1002ல் இத்தாலிக்கு அரசரான இவ்ரேயாவின் ஆர்டுவினோ. பராகானை அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை. புகழ் முழுக்க ஆர்டுவினோவுக்குப் போனது. ஆர்டுவினோவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

பலகையின் படத்தையும் நிரலையும் வெளியே கொடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. நிறுவனம் மூடப்போகிறது என்பது அப்போது தெரிந்துவிட்டது. கதவு சாத்தினால் செய்தது எல்லாம் உள்ளேயே போய்விடும் என்ற பயத்தில் அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளும்படி திறந்துவிட்டார்கள். விலை ஒரு பீட்சா சாப்பாட்டுக்கு ஆகும் செலவுக்குள் இருக்க வேண்டும் என்பது பான்சியின் கணக்கு. 1981ல் ஐபிஎம் கையேட்டில் படம் வந்தது பெரிய கம்பெனியின் தன்னம்பிக்கை. இவ்ரேயாவில் வந்தது இழுத்து மூடப்போகும் இடத்தின் அவசரம்.

அன்றைய பலகையில் இரண்டு முக்கியமான சிப். ஒன்று கணக்குப் போடும் ஏடிமெகா. மற்றது, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் எஃப்டிடிஐ கம்பெனியின் எஃப்டி232. யூஎஸ்பி கேட்கும் நாகரிகமெல்லாம் பேசிவிட்டு, பின்பக்கமாகப் பழைய சீரியல் போர்ட்டாக மாறிக்கொள்ளும். அதாவது லேப்டாப் துரத்திவிட்ட போர்ட்டைத்தான் இந்தச் சிப் வெளியே உயிரோடு வைத்திருந்தது. 2007ல் செய்த பலகைகள் பத்தாயிரத்தைத் தாண்டியதும் வந்த வடிவத்துக்கு இத்தாலிய மொழியில் பத்தாயிரம் என்றே பெயர் வைத்தார்கள்: டியெச்சிமிலா.

படம் திறந்திருந்தால் நகல் வரும், வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நகல் பலகைகள் குவிந்தன. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த எஃப்டிடிஐ டிரைவர், போலி எஃப்டி232 சிப்களின் அடையாள எண்ணை 0 ஆக மாற்றி எழுதிவிட்டது. நேற்று வேலை செய்த பலகை இன்று கணினிக்கு யாரோ ஒரு அநாமதேயம். போலி என்று தெரியாமல் வாங்கியவர்களின் பொருளும் போனதால் உலகம் முழுக்கக் கூச்சல் எழுந்து அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பின் நான் கடைகளில் பார்ப்பதெல்லாம் சீனாவின் நான்ஜிங்கிலிருந்து வரும் சிஎச்340 போட்ட பலகைகள்தான். போலி இல்லை, சொந்தப் பெயரில் வரும் மலிவுச் சரக்கு.

இங்கே தமிழ்நாட்டில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் முதல் கணினியே அதுதான் என்ற பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதன் பக்கவாட்டில் இருந்தது யூஎஸ்பிதான். பிரிண்டர் போர்ட்டை அவர்கள் பார்த்ததே இல்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பருவத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் நின்றால் கண்ணில் பட்டது இதுதான்: ஒரு கையில் உதிரிப் பட்டியல், தோளில் அரசுப் பை. லேப்டாப்பும் நகல் ஆர்டுவினோவும் ஒரு நீல நிறக் கேபிளில் பேசிக்கொண்டன. தண்ணீர் மட்டம் பார்க்கும் பம்ப், பார்வையற்றோர் கோல், வாயு கசிந்தால் அலறும் பெட்டி என்று அதே நாலைந்து ப்ராஜெக்ட்தான் திரும்பத் திரும்ப வரும். வரட்டுமே. நாங்கள் எரித்த எட்டு விளக்கிலும் புதுமை ஒன்றுமில்லை.

பிரிட்டனில் இதே நோய்க்கு வேறு மருந்து. 1981ன் பிபிசி மைக்ரோ கணினியில் 'யூசர் போர்ட்' என்றே பெயர் போட்டு ஒன்று இருந்தது, அனலாக் உள்ளீடும் தனியாக. இந்திய அரசு 1984ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் நம் பள்ளிகள் சிலவற்றுக்கும் அந்தக் கணினி வந்தது. அதில் வளர்ந்த தலைமுறை போய், கேம்பிரிட்ஜில் கணினி படிக்க விண்ணப்பிக்கும் பிள்ளைகள் குறைவதைக் கண்ட எபன் அப்டன் குழுவினர் 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்ப்பெர்ரி பை பலகையைக் கொண்டுவந்தார்கள். மேல் ரகம் 35 டாலர். ஓரத்தில் 26 பின் வரிசையாக நின்றது. இரண்டு ஆண்டில் அது 40 ஆனது. உள்ளே ஓடும் ஆர்ம் பிராசஸரின் பூர்வீகம் பிபிசி மைக்ரோவைச் செய்த ஏகார்ன் கம்பெனி.

ஓட்டையை லேப்டாப்புக்குள்ளேயே திரும்ப வைக்கப் பார்த்தவர்களும் உண்டு. பன்னி என்ற ஆண்ட்ரூ ஹுவாங், ஷான் கிராஸ் என்ற நண்பரோடு சேர்ந்து 2014ல் நோவெனா என்ற லேப்டாப்பைச் செய்தார். பெயர் சிங்கப்பூரின் ஒரு எம்.ஆர்.டி. நிலையம். சர்க்யூட் படம் திறந்தது, உள்ளே சோதனைகளுக்கென்று ஓர் எஃப்பிஜிஏ, உங்கள் சொந்தப் பலகையைத் திருகிக்கொள்ள இடம். பெர்லினில் எம்என்டி ரிஃபார்ம் என்று இன்னொன்று. கையால் கழற்றி மாற்றும் பேட்டரி செல்கள், விரலால் உருட்டும் பந்து. இரண்டையும் மனதாரப் பாராட்டுவேன். வாங்க மாட்டேன். அந்தப் பணத்துக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய திங்க்பேடை அடுக்கி வைக்கலாம். சீனாவில் ஓர் ஆர்வலர் குழு பழைய எக்ஸ்201 உடலுக்குள் பொருந்தும்படி எட்டாம் தலைமுறை இன்டெல் மதர்போர்டை அடித்து 2018ல் எக்ஸ்210 என்று விற்றது எனக்கு இன்னும் நெருக்கமான கிறுக்கு.

என் மேசையில் இருப்பது எக்ஸ்230. முன்பு யாரோ ஒரு கம்பெனி ஊழியரின் எந்திரம். மூடியில் சொத்து எண் ஸ்டிக்கர் இருந்த தடம் இன்னும் போகவில்லை. அதன் கீபோர்டு இருந்த இடத்தில் எக்ஸ்220ன் ஏழு வரிசைக் கீபோர்டைப் பொருத்த முடியும். ஓரத்தில் சில பிளாஸ்டிக் கொக்கியைச் சீவ வேண்டும், கனெக்டரில் ஓரிரு தொடுமுனையை டேப் ஒட்டி மறைக்க வேண்டும், கீபோர்டைக் கவனிக்கும் உட்சிப்பின் நிரலைத் திருத்த வேண்டும். அது முடிந்தபின் கண்ணில் உறுத்தியது வைஃபை. பழைய கார்டை எடுத்துவிட்டு வேகமான கார்டு போட்டால் பயாஸ் தன் பட்டியலைப் பார்க்கும். பட்டியலில் இல்லாத கார்டு என்றால் எந்திரம் மேலே கிளம்பாது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி, எதைச் சொருகலாம் என்று நமக்கு உத்தரவு போடுகிறது.

பயாஸ் இருப்பது கைவைக்கும் பலகைக்கு அடியில், எட்டுக் கால் உள்ள இரண்டு சிப்களில். ஒன்று எட்டு மெகாபைட், ஒன்று நான்கு. அதற்குப் பதில் திறந்த நிரலான கோர்பூட் போடலாம். லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மினிச் 1999ல் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது அது. முதல் முறை உள்ளிருந்தபடி எழுத எந்திரம் விடாது. வெளியிலிருந்து கம்பி கொடுத்துத்தான் எழுத வேண்டும். கடைகளில் இதற்கென்று கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ பலகை மலிவுதான், ஆனால் மூன்று புள்ளி மூன்று வோல்ட் சிப்பின் டேட்டா கால்களில் ஐந்து வோல்ட்டை ஏற்றுகிற பழக்கம் அதற்கு உண்டு என்று பலரும் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் ராஸ்ப்பெர்ரி பையை எடுத்தேன். அதன் பின்கள் பிறவியிலேயே 3.3 வோல்ட்.

பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றி, சிப்பின் எட்டுக் காலையும் கவ்வும் கிளிப்பை மாட்டி, பையிலிருந்து ஆறு ஒயர். ஃப்ளாஷ்ரோம் என்ற நிரலால் முதலில் இருந்ததைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு தரம் படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். மலிவுக் கிளிப் இந்த இடத்தில் காலை வாரும், ஒவ்வொரு தரமும் வேறு விடை வரும். போமோனா கிளிப்புக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. படித்த இரண்டும் ஒத்துப்போன பிறகு புதியதை எழுதி, சரிபார்த்து, ஒயர்களை எடுத்து, ஸ்க்ரூ எல்லாவற்றையும் கையேட்டின் வரிசைப்படி முடுக்கினேன். கோர்பூட் எழுந்து லினக்ஸைக் கூப்பிட்டது. அணைத்துவிட்டு, பட்டியலில் இல்லாத அந்த வைஃபை கார்டை எடுத்துச் சொருகினேன்.